அரக்கும் அறமும்: மரத்தை ஈரத்தினின்று காத்த பூச்சின் வரலாறு

நிற்கின்ற மரத்திற்கு நீர் உயிர். வெட்டிச் செதுக்கப்பட்ட மரத்திற்கு அதே நீர் பகை. கோயிற் கதவும், தேரும், சுவடியை இறுக்கும் சட்டமும், சாத்திரம் வைக்கும் பீடமும், துறவியரின் கமண்டலமும் மரத்தால் ஆனவை. இவற்றை மழையினின்றும் பனியினின்றும் காப்பதற்கு முன்னோர் பல பூச்சுகளைக் கண்டனர். மரப்பிசின், வித்தெண்ணெய், அரக்கு என்னும் மூன்றுமே அவற்றுள் முதன்மையானவை. இன்று வார்னிஷ் என்று ஒரே சொல்லால் வழங்கப்படும் பொருளின் பின்னே இம்மூன்றின் நெடிய வரலாறு உள்ளது.

ஏனையோர்க்கு இவ்வரலாறு கைவினையின் வரலாறு மட்டுமே. ஜைனர்க்கோ இதனுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. மரத்தின்மேல் மின்னும் மெருகு எவ்வுயிரின் உடலினின்று வந்தது என்பதே அவ்வினா. அதனை நம் ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடையும் கூறியுள்ளனர்.

மரமும் ஈரமும்

மரம் என்பது நுண்ணிய குழல்களின் கட்டு. வெட்டியபின் அக்குழல்களில் உள்ள நீர் முதலில் வெளியேறும். பின்னர்க் குழற்சுவர்களுள் ஊறிய ஈரம் மெல்ல மெல்ல வற்றும். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் ஈரம் குறையத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. மீண்டும் ஈரம் ஏறினால் பருக்கிறது. இச்சுருக்கமும் பருமையும் நீளவாட்டில் மிகச் சிறிதே, குறுக்குவாட்டில் பெரிது. அக்குறுக்குவாட்டிலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் நிகழும் மாற்றம், மையத்தினின்று வெளிநோக்கிய திசையில் நிகழ்வதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. கார்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், கோடையில் பலகைகளுக்கிடையே இடைவெளி தோன்றுவதும் இதனாலேயே.

இதனினும் பெரிய கேடு பூஞ்சணத்தால் விளைவது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் நிற்குமாயின் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளராது. அவ்வெல்லையைக் கடந்து ஈரம் நிலைத்து நிற்குமாயின், பூஞ்சணம் வேரூன்றும். அதனைத் தொடர்ந்து புழுவும் கறையானும் வரும். பூஞ்சணம் எண்ணற்ற நுண்ணுயிர்களின் உறைவிடம் என்பது ஜைன நூல்களின் கொள்கை. ஆதலின் மரத்தை உலர்ந்த நிலையில் வைத்திருத்தல் பொருளைக் காப்பது மட்டுமன்று. உயிர்கள் அங்கே தோன்றிப் பின்னர் நம் கையால் மடிவதற்கு இடங்கொடாதிருத்தலும் ஆகும். தோன்றிய உயிரை நஞ்சிட்டு அழிப்பதினும், தோன்றாவண்ணம் முன்னரே காப்பது மேல் என்பதனை இல்லறத்தார் தம் அடுக்களையிலும் நெற்குதிரிலும் நாள்தோறும் கடைப்பிடித்து வருகின்றனர். மரத்திற்குப் பூச்சிடுதலும் அவ்வகைப்பட்டதே.

துறவியரின் மரக்கலன்

மரக்கலனை ஈரத்தினின்று காத்தல் பற்றி மிகப் பழங்காலத்திலேயே விரிவாக எண்ணியவர்களுள் ஜைனத் துறவியர் குறிப்பிடத்தக்கவர். பொன், வெள்ளி, செம்பு முதலிய உலோகப் பாத்திரங்கள் அவர்களுக்கு விலக்கு. சுரைக்குடுக்கை, மரம், மண் ஆகியவற்றால் ஆன கலன்களையே துறவி ஏற்கலாம் என்று சுவேதாம்பர மரபின் ஆசாராங்க நூல் விதிக்கிறது. மரப் பாத்திரத்தில் உணவும் நீரும் ஊறினால் அதில் விரிசல் விழும். விரிசலில் ஈரம் தங்கும். ஈரத்தில் உயிர் தோன்றும். இதனைத் தவிர்க்கப் பாத்திரத்தின்மீது ஒரு பூச்சு வேண்டியதாயிற்று. அதற்கு லேபம் என்று பெயர்.

பத்திரபாகு முனிவர் பெயரால் வழங்கும் ஓக நிர்யுக்தி என்னும் சுவேதாம்பர நூல் இந்த லேபத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. வண்டிச் சக்கரத்தின் அச்சில் இட்ட எண்ணெயும் தேய்வில் உண்டாகும் கரியும் கலந்து தடித்த மசகாய்ப் படிந்திருக்கும். அதனைப் பெற்றுப் பாத்திரத்திற்குப் பூசுவதே அக்காலத் துறவியர் வழக்கம். புதிதாக எண்ணெய் ஆட்டுவிக்கவோ பிசின் காய்ச்சுவிக்கவோ அவர்கள் எவரையும் ஏவவில்லை. பிறர்க்குப் பயன்பட்டு எஞ்சிய கழிவையே நாடினர். அதனையும் கொடாமல் எடுத்தல் அவர்க்குத் தகாது. மரத்திற்குக் காப்பும் வேண்டும், அதன்பொருட்டு ஓர் உயிரும் துன்புறலாகாது என்னும் இரு நெறிகளும் ஒருங்கே நிறைவேறிய முறை இது.

திகம்பர முனிவர்க்குப் பிட்சை ஏற்கும் பாத்திரம் இல்லை. அவர்க்குக் கையே கலம். எனினும் தூய்மைக்குரிய கருவியாகக் கமண்டலத்தையும், உயிரோம்பலுக்குரிய கருவியாக மயிற்பீலியையும், ஞானக் கருவியாகச் சுவடியையும் அவர் கொள்ளலாம் என்பது மரபு. மரக் கமண்டலமும் சுவடியின் மரச்சட்டமும் ஈரத்திற்கு அஞ்ச வேண்டியவை. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உற்று நோக்கிப் பீலியால் ஒற்றி எடுத்து வைத்தல் ஆதான நிக்ஷேபண சமிதி எனப்படும். ஐந்து சமிதிகளுள் ஒன்றாகிய இது, மரப்பொருள்களுக்கு நாள்தோறும் நிகழும் ஆய்வாகவும் அமைந்தது. பூச்சு எங்கே உரிந்தது, விரிசல் எங்கே தொடங்கியது என்பதை இதனினும் விரைந்து காட்டும் முறை வேறில்லை.

கொம்பரக்கும் அவலரக்கும்

இந்தியக் கைவினையில் மரத்திற்கு மெருகூட்டிய பொருள்களுள் தலையாயது அரக்கு. சங்கச் சான்றோர்க்கு அரக்கு நன்கு தெரிந்த பொருள். செந்நிலத்திற்கு அதனை உவமையாக்கிய அகநானூற்றுப் பாடல் உண்டு. மகளிர் அடிக்கு ஊட்டிய செம்பஞ்சுக் குழம்பும், ஓலைக்கும் கடிதத்திற்கும் இட்ட முத்திரையும், வளையலும் அரக்கின் பயன்களே. பாரதக் கதையின் அரக்கு மாளிகையை அறியாதார் இலர்.

அரக்கு மரத்தின் பிசின் அன்று. ஒரு சிற்றுயிரின் உடற்சுரப்பு. புரசு, இலந்தை, குசும் என்று வடநாட்டார் வழங்கும் மரம் ஆகியவற்றின் இளங்கொம்புகளில் அரக்குப்பூச்சி வாழ்கிறது. முட்டையினின்று வெளிவந்த செந்நிறக் குஞ்சுகள் ஊர்ந்து சென்று தளிர்க்கொம்பில் வாய் பதித்து அமர்கின்றன. மரச்சாற்றை உறிஞ்சி, தம் உடலைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. பெண்பூச்சி அமர்ந்த இடத்தைவிட்டுப் பின்னர் நகர்வதே இல்லை. தான் கட்டிய அவ்வறையினுள்ளேயே முட்டையிட்டு மடிகிறது. ஆயிரக்கணக்கான பூச்சிகளின் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொம்பைச் சூழ்ந்து தடித்த மேலோடாகின்றன. அக்கொம்புகளை வெட்டிச் சுரண்டி எடுப்பதே கொம்பரக்கு. இலட்சம் என்னும் எண்ணுப்பெயரோடு இலாட்சை என்னும் வடசொல்லை இணைத்துப் பொருள் கூறுவோரும் உண்டு. பூச்சிகளின் பெருந்தொகையைக் காண்போர்க்கு அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றும்.

கொம்பரக்கை உடைத்து நீரில் கழுவினால் செஞ்சாயம் பிரியும்; எஞ்சுவது மணிமணியான அரக்கு. அதனை நீண்ட துணிப்பையில் இட்டு, கரியடுப்பின் முன்னே வாட்டி முறுக்கினால், உருகிய அரக்கு துணியின் இழைகளூடே கசியும். வடநாட்டுப் பட்டறைகளில் அதனைக் கையாலும் காலாலும் பல்லாலும் பற்றி இழுத்துக் கண்ணாடிபோல் மெல்லிய தகடாக்கினர். தகடு ஆறியபின் நொறுங்கி அவல்போல் ஆவதால் தமிழில் அதற்கு அவலரக்கு என்று பெயர். உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரமாக விளங்கியது.

அரக்கை மரத்திற்கு ஏற்றும் முறைகளுள் எளியதும் பழையதும் கடைசல் முறை. மரத்தைக் கடைசற்பட்டறையில் சுழலவிட்டு, வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்தால் மெருகு ஏறும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாகப் பொம்மைகளும், நம் அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும் இம்முறைக்குச் சான்று. இதில் எண்ணெயும் இல்லை, சாராயமும் இல்லை. மரமும் அரக்கும் வெப்பமுமே போதும்.

விலக்கப்பட்ட வாணிகம்

இத்துணைப் பயனுடைய அரக்கை விற்று வாழ்வது சாவகர்க்குத் தகாது என்று ஜைன அறநூல்கள் கூறின. இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைச் சுவேதாம்பர ஆகமமாகிய உபாசக தசாங்கம் அடுக்குகிறது. கரி சுடுதல், காடழித்தல், தந்த வாணிகம், நஞ்சு வாணிகம், செக்கு முதலிய பொறிகளால் பிழிதல், நீர்நிலைகளை வற்றச் செய்தல் முதலியவற்றோடு இலாட்சா வாணிகமும் அதில் இடம்பெறுகிறது. 12ஆம் நூற்றாண்டினரான ஹேமசந்திராசாரியார் தம் யோக சாத்திரத்தில் இதனை விரித்து, அரக்கோடு அவுரி நீலம், மனோசிலை, வெங்காரம் முதலியவற்றையும் சேர்த்து, இவற்றை விற்பது பாவத்தின் இருப்பிடம் என்றார். அரக்கில் எண்ணற்ற இயங்குயிர்கள் மடிகின்றன என்பதே காரணம்.

திகம்பர மரபில் 13ஆம் நூற்றாண்டினரான ஆசாதரர், சாகார தர்மாமிர்தம் என்னும் தம் நூலில் இதே பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு நுட்பமான கருத்தைச் சேர்த்தார். உலகில் பாவம் கலந்த தொழில்கள் எண்ணிலடங்கா. ஆதலின் பதினைந்து என்று வரையறுத்தல் பொருந்தாது. மிக மந்த அறிவினர்க்கு எடுத்துரைக்க வேண்டுமாயின் பட்டியலும் தகும் என்பது அவர் கருத்தின் சாரம். பட்டியலில் இல்லாத தொழில் என்பதனாலேயே ஒன்று தூயதாகிவிடாது. ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இவ்விலக்கைத் தமிழ் ஜைனர் எளிதில் உணர்வர். கள், ஊன், தேன் என்னும் மூன்றையும் நீக்குதல் சாவகர்க்குரிய அடிப்படை ஒழுக்கம். தேனீக்களின் உழைப்பையும் உயிரையும் கருதித் தேனை நீக்கியவர்க்கு, அரக்குப்பூச்சியின் நிலை புதிதாகத் தோன்றாது.

ஆயினும் அரக்கு எடுக்கும் முறைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. குஞ்சுகள் வெளிவருமுன்னரே கொம்பை வெட்டி எடுக்கும் அரக்கை வடநாட்டு வணிகர் அரி என்பர். குஞ்சுகள் வெளியேறிப் புதுக்கொம்புகளில் அமர்ந்தபின், தாய்ப்பூச்சி மடிந்த வெற்றறைகளைச் சுரண்டி எடுப்பது புங்கி எனப்படும். முன்னதில் தாயும் சேயும் ஒருங்கே அழிகின்றன. பின்னதில் கேடு பெரிதும் குறைவு. ஆயினும் வெளியேறாது தங்கிய குஞ்சுகளும், அரக்கை உண்டு வாழும் வேறு புழுக்களும் அதிலும் இருத்தல் கூடும். சாயத்தின் பொருட்டு முன்னதையே நாடினர். பிசின் மட்டும் வேண்டுவோர்க்குப் பின்னது போதும். கொல்லாமையை முற்றிலும் கைக்கொள்ளுதல் துறவியர்க்கும், இயன்றவரை கைக்கொள்ளுதல் இல்லறத்தார்க்கும் என வகுத்த சமயத்திற்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

குங்கிலியமும் எண்ணெயும்

அரக்கை விலக்கினால் மரத்திற்குக் காப்பு என்ன என்னும் வினாவுக்குக் காடு விடையளித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இயற்கையாய் வளரும் ஒரு பெருமரத்தின் பட்டையைக் கீறினால் வெளிறிய பிசின் வடியும். அதுவே வெள்ளைக் குங்கிலியம். அதே மலைகளில் கருங்குங்கிலிய மரமும் உண்டு. தூபத்திற்குப் பயன்படும் இப்பிசினை எண்ணெயில் இட்டுக் காய்ச்சினால் மரத்திற்குரிய பூச்சாகும். மேலைக் கடற்கரையில் மரக்கலங்களின் பலகைப் பொருத்துகளை அடைக்கக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த கலவையே பயன்பட்டது. ஐரோப்பிய வணிகர் வெள்ளைக் குங்கிலியத்தை இந்தியக் கோபால் பிசின் என்று பெயரிட்டு வார்னிஷ் செய்யக் கொண்டனர். ஆழமாகவும் மிகுதியாகவும் கீறினால் மரம் நலியும் என்பதால் இதிலும் அளவு வேண்டும்.

எண்ணெய்களுள்ளும் வேறுபாடு உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்லக் கெட்டிப்பட்டு, மரத்தின்மேல் ஒரு படலமாகும். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் அவ்வாறு உலரா; நல்லெண்ணெயும் நன்கு உலர்வதில்லை. கதவுகளில் இவற்றை ஆண்டுதோறும் தடவினால் சிறிது காலம் நீர் ஒட்டாது. ஆனால் தூசியும் சிற்றுயிரும் ஒட்டும். வேம்பின் கசப்பு பூச்சிகளை அகற்றும் என்பது அதன் தனிப்பயன். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொணர்ந்த முந்திரி இந்நாட்டில் பரவியபின், அதன் கொட்டை ஓட்டினின்று வடிக்கும் காரமான கரிய எண்ணெய் படகுகளுக்கும் மரத்தூண்களுக்கும் பூச்சாயிற்று. அது கெட்டிப்படும் தன்மையும் பூச்சியை விலக்கும் தன்மையும் ஒருங்கே உடையது. கடற்கரையில் சுறாமீனின் ஈரலெண்ணெயைப் படகிற்குப் பூசும் வழக்கமும் இருந்தது. அவ்வெண்ணெய் ஜைனர்க்கு ஆகாது என்பது சொல்லாமலே விளங்கும். முந்திரி ஓட்டெண்ணெயோ உண்ணும் பருப்பை எடுத்தபின் எஞ்சும் ஓட்டினின்று வருவது. வண்டியச்சு மசகை நாடிய பழந்துறவியரின் நெறிக்கு அது ஒருவாறு ஒத்தது.

மேல்நாட்டு வார்னிஷ்

வார்னிஷ் என்னும் சொல்லின் மூலத்தை ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்த பெரெனிகே என்னும் கிரேக்க நகரின் பெயரோடு இணைத்துச் சொல்லாய்வாளர் கூறுவர். 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்னும் ஐரோப்பியத் துறவி கைவினைகளைப் பற்றி எழுதிய நூலில், ஆளிவிதை எண்ணெயில் பிசினைக் கரைத்து வார்னிஷ் காய்ச்சும் முறை சொல்லப்பட்டுள்ளது. எண்ணெய், பிசின், வெப்பம் என்னும் அவ்வமைப்பே பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

இந்திய அரக்கைக் குறித்து ஐரோப்பியர்க்கு விரிவாக அறிவித்தவர்களுள் டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் ஒருவர். அவர் நூல் 1596இல் வெளிவந்தது. அரக்கு ஓர் உயிரின் சுரப்பு என்பதனை அறிவியல் முறையில் விளக்கி 1781இல் ஜேம்ஸ் கெர் கட்டுரை எழுதினார். அரக்குப்பூச்சியின் இன்றைய அறிவியற்பெயரின் முற்பகுதியாகிய கெர்ரியா அவர் பெயரால் அமைந்தது. ஐரோப்பிய அறிஞர் அவ்வுண்மையை ஆய்ந்து எழுதுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அதே காரணத்தால் அரக்கு வாணிகத்தை ஹேமசந்திரர் விலக்கியிருந்தார் என்பது நோக்கத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் பலமுறை தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் ஐரோப்பாவில் பெருவழக்காயிற்று. அதற்கும் பின்னர் கிராமபோன் இசைத்தட்டுகளுக்கும் வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவினின்றே சென்றது. செயற்கைச் சாயங்கள் வந்தபின் அரக்குச் சாயம் விலை வீழ்ந்தது. 1948இல் வினைல் இசைத்தட்டு வந்தபின் அப்பயனும் தேய்ந்தது. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் அமைந்த இந்திய அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் இத்தொழிலின் முதன்மைக்குச் சான்று. 1920களில் ஆல்கைடு என்னும் செயற்கைப் பிசினும், 1937இல் பாலியூரித்தேன் என்னும் மற்றொன்றும் தோன்றின. இன்று கடைகளில் விற்கும் வார்னிஷ் வகைகளுட் பல இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை.

கூரையே முதற்காப்பு

பூச்சு எத்துணைச் சிறந்ததாயினும் அது இரண்டாம் காப்பே. கர்நாடகக் கடற்கரையை அடுத்த மூடபித்ரியில் 1430ஆம் ஆண்டளவில் எழுந்த ஆயிரங்கால் பசதி இதனை விளக்கும். ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் நிலம் அது. அங்கே அடித்தளத்தைக் கல்லால் கட்டினர். மரவேலை மிகுந்த மேற்பகுதியைச் சரிந்து நீண்ட கூரைகளால் மூடினர். மழைநீர் மரத்தைத் தொடாமலே வழிந்தோடும். அந்நகரின் ஜைன மடத்தில்தான் ஷட்கண்டாகமத்தின் தவளை உரைச்சுவடிகள் பல நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டன. ஈரம் மிகுந்த நிலத்தில் பனையோலை நிலைத்தமைக்குக் காரணம் ஏதோ ஒரு பூச்சு மட்டுமன்று. இறுகக் கட்டிய மரச்சட்டமும், துணிப்பொதியும், காலந்தோறும் அவிழ்த்து நோக்கிய கைகளும் ஆகும்.

தமிழகத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஓலையின்மேல் மஞ்சளும் கரியும் இலைச்சாறும் தடவி எழுத்தைத் துலக்கினர். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி ஓலையின் நெகிழ்ச்சியைக் காத்தனர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் இறுக்கினர். இல்லங்களிலும் மடங்களிலும் இவ்வாறு காத்து, ஓதியும் வந்தமையாலேயே, 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு ஏடும் கிடைத்தது. ஏட்டின் பொருளை எடுத்துரைக்கக் கும்பகோணத்து ஜைன அன்பர்களும் இருந்தனர்.

தேரும் கதவும்

இன்று ஜினாலயங்களில் ஈரத்தால் மிகுதியும் கெடுவன தேரும் கதவும். தமிழகத்தில் தேர்களுக்குப் பெரிதும் இலுப்பை மரத்தையே கொள்வர். அது கனத்தது, உறுதியானது. ஆயினும் அடிப்பகுதியில் மண்ணின் ஈரமும், மேற்பகுதியில் மழையும் இடைவிடாது தாக்குமாயின் அதுவும் உளுக்கும். விழாவிற்கு முன்னர் மேற்பரப்பைத் துடைத்துப் புதிய வார்னிஷ் பூசுவது வழக்கம். பளபளப்பு வருகிறது, காப்பு வருகிறதா என்பது வேறு வினா.

மரத்தின் வெட்டுமுனை, பக்கப்பரப்பினும் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். கதவின் அடிவிளிம்பும் மேல்விளிம்பும், தேர்ச்சட்டங்களின் முனைகளும் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். ஆதலின் பூச்சு பெறாத இடங்களும் அவையே. ஒருபுறம் மட்டும் பூசி மறுபுறத்தை வெறுமையாக விட்டால், இருபுறமும் ஈரம் ஏறும் விரைவு வேறுபட்டுப் பலகை வளையும். ஈரமான மரத்தின்மேல் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணத்திற்கு உணவாகும். பழைய பூச்சு வெடித்த இடத்தில் அதனைச் சுரண்டாமல் மேலும் மேலும் பூசினால், வெடிப்பின் வழியே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கும். மேலே மின்னிக்கொண்டே உள்ளே மட்கும் மரங்கள் இவ்வாறு உருவாகின்றன.

எந்தப் பூச்சும் நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை. அது உட்புகும் விரைவைத் தணிக்கிறது, அவ்வளவே. அரக்குப் பூச்சு நீராவியை நன்கு தடுக்கும்; ஆனால் நீர் தேங்கினால் வெளுத்துப்போகும், வெயிலும் மழையும் தாங்காது. எண்ணெய் மரத்தினுள் ஊறும். நீராவியைச் சிறிதே தடுக்கும். செயற்கைப் பிசின்களுள் வெயில் தாங்கும் சேர்க்கையுடையவை வெளிப்புறத்திற்கு ஏற்றவை. அவையும் சில ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட வேண்டியவை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றும். அதனை விரித்து உலர்த்துதல் உயிர்காக்கும் செயல்.

அருங்கலச்செப்பு முதலிய சாவக நூல்கள் அநர்த்த தண்டம் என்று பயனில் தீங்கைக் கூறி, பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், மரஞ்செடிகளைச் சிதைத்தல் முதலியவற்றை விலக்கும். நன்கு காத்தால் பல தலைமுறை நிற்கும் ஒரு தேரை, கவனமின்மையால் இருபது ஆண்டில் உளுக்கவிட்டு, மீண்டும் இலுப்பைகளை வெட்டுதலும் இவ்வகைத் தீங்கே. மெருகு வாங்கும்போது அது அரக்கா, எண்ணெயா, செயற்கைப் பிசினா என்று வினவுதலும் சாவகர்க்கு உரிய செயல். அரக்கு இன்று மரத்தோடு நிற்கவில்லை. இனிப்புகளின்மேலும் மாத்திரைகளின்மேலும் பளபளப்புக்காக அது பூசப்படுகிறது. உணவுப் பொதியில் 904 என்னும் எண் அதனைக் குறிக்கும். முன்னோர் விலக்கிய பொருள் பெயர் மாறி அடுக்களைக்குள் வருதலை அறிந்துகொள்ளுதல் நன்று.

ஊற்றும் செறிப்பும்

வினை உயிரினுள் புகுதலை ஊற்று என்றும், புகும் வாயிலை அடைத்தலைச் செறிப்பு என்றும், முன்னர்ப் புகுந்ததை வற்றச் செய்தலை உதிர்ப்பு என்றும் தமிழ் ஜைன நூல்கள் வழங்கும். ஓட்டைப் படகில் நீர் புகுதலை இதற்கு உவமையாகக் கூறுவது ஆசாரியர் மரபு. ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. உட்புகுந்த நீரையும் இறைத்தால்தான் படகு கரைசேரும். மரத்தைக் காக்கும் தச்சனும் இவ்விரண்டையும் அறிந்தவன். முதலில் மரத்தை உலர்த்துகிறான். பின்னர் வாயில்களை அடைக்கிறான். உலர்த்தாமல் அடைத்த பூச்சு கேட்டையே மூடி வைக்கும்.

அடுத்த தேர்த்திருவிழாவிற்கு முன்னர் ஆலயத்தார் செய்யத்தக்கது எளிது. கோடையில் மரம் நன்கு உலர்ந்த நாளில், பூச்சு வாங்குமுன், கதவின் அடிவிளிம்பையும் தேர்ச்சட்டத்தின் முனைகளையும் ஒருமுறை குனிந்து நோக்குதல் வேண்டும். பீலியை ஏந்திய முனிவர் நாள்தோறும் செய்யும் நோக்கு அதுவே. மூடபித்ரியின் மரவேலையையும், இல்லந்தோறும் இருந்த சிந்தாமணி ஏடுகளையும் காத்துத் தந்ததும் அந்நோக்கே.